கூழ் வாங்காதவள்

சோறு வேண்டாம் என்று சொன்னால் எங்கள் குப்பத்தில் யாரும் அதைச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. யார் மேல் கோபம் என்றுதான் கேட்பார்கள். புருஷன் அடித்தால் சோறு வேண்டாம். கேட்ட சேலை வரவில்லை என்றால் சோறு வேண்டாம். மருமகள் எதிர்த்துப் பேசினால் மாமியாருக்குச் சோறு வேண்டாம். வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு கவளமாவது வாங்கி வாயில் போட்டுக்கொண்டால்தான் மனதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இப்படிப்பட்ட ஊரில்தான் நான் சோற்றை விட்டேன். அதற்காக இதுவரை யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கப்போவதும் இல்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கடைசி வகுப்புவரை உட்கார்ந்து எழுந்தவள் நான்தான். நைனா கையெழுத்து போடுவார், அம்மா அதுவும் போடமாட்டாள். பொன்னேரியில் கல்லூரியை முடித்துவிட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் சரக்குப் பெட்டிகளின் போக்குவரத்தைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன். தெருவில் எனக்குப் பெயர் "ஏசில குந்துறவ". அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஏசியில்தான் உட்கார்கிறேன், படித்து உட்கார்ந்தேன்.

என்னைக் கிண்டல் செய்கிற அதே பெண்கள், செல்போனில் வந்த செய்தியையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வருவார்கள். "இது இன்னாத்துக்குனு படிச்சி சொல்லு பாப்பா." படித்துச் சொல்வேன். அதனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். ஒருத்தியின் விஷயத்தை இன்னொருத்தியிடம் சொன்னதில்லை.

என் விஷயம் எனக்குத் தெரிந்தது கம்பெனியில் வைத்த உடம்புப் பரிசோதனை முகாமில். ஒரு நர்ஸ் என் விரலில் குத்தி, சின்னப் பெட்டியைப் பார்த்து, மறுபடி இன்னொரு விரலில் குத்தினாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். பழைய சோறு என்றேன். பொன்னேரியில் ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சர்க்கரை பார்டரில் இருக்கிறது, வீட்டில் யாருக்காவது உண்டா என்றார். அம்மாவுக்கு என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். மாத்திரை இப்போது வேண்டாம், சோற்றையும் மாவையும் முடிந்தமட்டும் விடு, மீன், முட்டை, காய் சாப்பிடு, சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்போம் என்று அனுப்பினார்.

அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. கரையில் மீன் பிரிக்கும்போது மட்டி ஓடு குத்தியிருக்கிறது, சர்க்கரையில் மரத்துப்போன காலில் அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்த அன்று நைனா பிளாஸ்டிக் நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கல்லூரியில் பரீட்சை. பரீட்சை எழுதிவிட்டு நேராக வார்டுக்குப் போனேன். அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு வந்திருந்தது. மலை மாதிரி வெள்ளைச் சோறு, ஓரத்தில் ரசம். கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு அவள் அதைப் பிசைந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோற்றைப் பார்த்தால் ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்தோடேயே மூன்று வேளையும் அதைத் தின்று வந்தேன் என்பதுதான் வேடிக்கை.

சரி, விடுவது என்று முடிவு செய்தேன். எப்படி விடுவது என்று சொல்லித்தர யூடியூபில் நிறையப் பேர் இருந்தார்கள். பேலியோ என்றார்கள். மாவைக் குறை, கொழுப்பைக் கூட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு அம்மாள் பளபளவென்று இருக்கும் சமையல்கட்டில் நின்றுகொண்டு, காலையில் ஒரு கை நிறைய பாதாம், மத்தியானம் வெண்ணெயில் வதக்கிய பன்னீர், சாயங்காலம் வெண்ணெய்ப்பழம் என்று சிரித்தாள். ரொம்ப சுலபம் என்றாள். அந்த அம்மாளை எங்கள் ஊர் டீக்கடை முன்னால் நிறுத்தி, வெண்ணெய்ப்பழம் எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்பவள் வேறு மாதிரி. "ஒனக்கென்னப்பா, மீன்காரங்க வீடு, தினமும் மீனுதான்" என்றாள். ஏரியில் பிடிக்கிற இறாலும் நண்டும் கொடுவாவும் கரையிலேயே ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் சட்டிக்கு வருவது வலையில் நசுங்கிய பொடி மீன். அந்தப் பொடி மீன் குழம்பும்கூட, ரேஷன் அரிசிச் சோறு தொண்டையில் இறங்குவதற்கான வழிதான். பிறந்ததிலிருந்து நாங்கள் சாப்பிட்டது சோறு. மீன் அதற்குக் காவல்.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கடல்பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுகளில் மத்தி வரும். எண்ணெய் சொட்டும் மீன். கவிச்சி என்று எங்கள் பெண்கள் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பாதி கோழித் தீவனத்துக்குப் போகும். அதை வாங்கினேன். காலையில் நல்லெண்ணெயில் முட்டை, மத்தியானம் தேங்காய் அரைத்துவிட்ட மத்தி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, வேலியில் காய்க்கும் பீர்க்கங்காய். நைனா நசுங்கிய மடவை கொண்டுவந்தால் தோலோடு, கொழுப்போடு எனக்கு.

முதல் வாரம் நரகம். தலை வெடித்தது. பஸ்ஸில் நிற்கும்போது கண் இருட்டியது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கோபம் வேறு. யார் எதைச் சொன்னாலும் கடிக்கலாம் போல இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தால், தண்ணீரோடு உப்பும் சேர்ந்து வெளியே போகிறது, உப்பு எடுத்துக்கொள் என்றார். உப்பா எங்கள் ஊரில் இல்லை? ஒரு கருவாட்டுத் துண்டைச் சுட்டுக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மீஞ்சூர் போகும் பஸ்ஸில் கண் இருட்டும்போது அதை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்வார்கள். உட்காரட்டும். எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

வீட்டில் அம்மா அதை ஒரு போராகவே நடத்தினாள். நான் தட்டை எடுத்து வைத்தால் முதலில் சோற்றைப் போடுவாள். நான் அதை எடுத்துச் சட்டியில் திருப்பிப் போடுவேன். மறுபடி போடுவாள். "நா ஆக்குன சோத்துல இன்னாடி கொறச்சல்?" சோற்றில் குறை இல்லை, என் ரத்தத்தில்தான் என்று சொன்னேன். அவளுக்குக் கேட்டதெல்லாம் 'உன் ரத்தம்' என்பதுதான். நான் அவளைக் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். நைனா மட்டும், "வுடு, அது படிச்சிட்டு சொல்து" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக்கொள்வார்.

அம்மாவுக்கு உண்மையான பயம் வேறு. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வரன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பையன் சென்னையில் ஏதோ வேலை. கல்யாணமாகாத பெண்ணுக்குச் சர்க்கரை என்று ஒரு சொல் வெளியே போனால் அந்தப் பக்கத்துப் படகே நம் கரைக்கு வராது என்றாள். நான் அந்த வரனைக் கேட்கவே இல்லை என்பதை அவள் காதில் வாங்கவில்லை. பெண் ஏன் சோறு தின்பதில்லை என்று தெருவில் கேட்டவர்களிடம், அம்மனுக்கு விரதம் என்று சொல்லி வைத்தாள். மீன் தின்றுகொண்டு என்ன விரதம் என்று யாராவது கேட்டால், அது ஒரு புது விரதம் என்றாள். என் அம்மா பொய் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை.

அந்தப் பொய் ஆடி மாதத்தில் வந்து எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஆடியில் எங்கள் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகும் நொய்யும் போட்டுக் காய்ச்சிய கூழ், கோவில் முன்னால் ஒரே அண்டாவில் சேரும். அதை மொண்டு ஊற்றும் கை மட்டும் வருடத்துக்கு ஒரு வீட்டுடையது. ஊற்றும் வீட்டோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் அன்று பாத்திரத்தோடு வரமாட்டார்கள். வந்து நின்று, கரண்டி நீளும்போது பாத்திரத்தின் வாயைக் கையால் மூடினால், இந்த வீட்டோடு எனக்குப் பகை என்று ஊரறியச் சொன்ன மாதிரி. அந்த இரண்டு வீட்டு ஆண்களும் பேசித் தீர்க்கும்வரை ஒரே படகில் ஏறமாட்டார்கள். பகைவனோடு ஏறினால் வலையில் எதுவும் விழாது என்பது இங்கே நம்பிக்கை.

அந்த வருடம் ஊற்றும் முறை என் பெரியப்பா வீட்டுக்கு. நைனாவும் அவருடைய இந்த அண்ணனும் தாத்தாவின் வலையைப் பிரித்துக்கொள்வதில் சண்டை போட்டு, வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். ஊர் கூடிப் பேசி, பெரியப்பா கையால் ஒரு சொம்பு கூழை நைனா வாங்கிக் குடித்த பிறகுதான் அது தீர்ந்தது. அதிலிருந்து நைனா பெரியப்பாவின் படகில்தான் போகிறார். எங்களுக்கென்று படகு கிடையாது. அதில் இடம் போனால் நைனாவுக்கு ஏரி இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும்.

நான் வெறுங்கையோடுதான் போனேன். வந்து நின்றால் போதும், மரியாதை என்றாள் அம்மா. நின்றேன். மேளம் காதைக் கிழித்தது. அண்டாவின் பக்கத்தில் பெரியம்மா, முழங்கைவரை மஞ்சள் பூசிக்கொண்டு கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "இன்னா பாப்பா, ஏசில குந்துறவங்களுக்குலாம் நம்ம கூழு எறங்குமா?" என்றாள். சிரித்தார்கள். அம்மா தன் பங்கை வாங்கி நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள். பிறகு எச்சில் டம்ளரை முந்தானையில் துடைத்து என் கையில் திணித்தாள்.

"வாங்குடி. நீ குடிக்க வோணாம், நா குடிச்சிக்கிறேன்" என்று என் காதோடு சொன்னாள்.

நான் கீழே பார்த்தேன். ரப்பர் செருப்புக்குள் அவள் கால். விரல் இல்லாத இடத்தில் மறுபடி புண் வந்து, புதுக் கட்டு போட்டு அந்த வாரம்தான் ஆகியிருந்தது. கட்டின் ஓரம் சேற்றில் கறுத்திருந்தது. எனக்கு ஊற்றுகிற கூழையும் அவள்தான் குடிக்கப்போகிறாள். நான் சோற்றை விட்டது எதற்கோ, அது அவள் காலில் போய் இறங்கப்போகிறது. கரண்டி என் பக்கம் சாய்ந்தது. நான் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

கூழ் என் புறங்கையில் விழுந்து, மணிக்கட்டு வழியாக வழிந்து, மண்ணில் சொட்டியது. மேளம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அண்டாவைச் சுற்றி இருந்தவர்களின் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பெரியம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்தாள். எனக்கு அடுத்து நின்றவளுக்கு ஊற்றப் போய்விட்டாள். பகை என்றே எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

வாங்கிக்கொண்டு போய் எங்காவது கொட்டியிருக்கலாமே என்று பிறகு பலர் சொன்னார்கள். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லதுதானே என்று சிலர் சொன்னார்கள். நொய் போட்டுக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் எது நல்லது? கொட்டியிருக்கலாம், உண்மைதான். ஒளித்துத் தின்பதும் ஒளித்துக் கொட்டுவதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கைவந்த கலை. நான் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் விடியும்போது நைனா சாப்பாட்டுத் தூக்கோடு கரைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பெரியப்பாவின் படகு அவர் இடத்தில் வேறு ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. இறால் ஓடுகிற நாட்கள் அவை. தூக்கை ஆணியில் மாட்டிவிட்டு, கிழிசல் இல்லாத ஒரு வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கேட்டாள். "அவரு சோத்துல மண்ண போட்டுட்ட இல்ல?" என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து என் குற்றங்களை வரிசையாகச் சொன்னாள். நான் போய்ப் பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் வாசலில் போய்க் கையை விரித்து நின்றாள். "சக்கரைனு வாய தொறந்த, அதுக்கப்பறம் என்ன அம்மானு கூப்டாத."

நைனா தினமும் கரைக்குப் போய்ப் போய்த் திரும்பினார். அடுத்த வாரம் ஊர் கூடியது.

கோவிலின் முன்னால் பஞ்சாயத்துக்கு ஆண்கள்தான் உட்கார்வார்கள். பெண்கள் தள்ளி, வேப்பமரத்துப் பக்கம் நிற்கலாம். நான் நைனாவின் பின்னால் போய் நின்றேன். யாரோ தொண்டையைச் செருமினார்கள், நான் நகரவில்லை. ஊர்த் தலைவர் நைனாவிடம், உன் பெண் கூழை மூடினாளாமே, அண்ணன் மேல் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். ஒரு வருத்தமும் இல்லை என்றார் நைனா. விரதம் என்றீர்களே, விரதம் இருக்கிறவள் அம்மன் கூழை மூடுவாளா என்று கேட்டார். நைனா கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டு நின்றார். வேப்பமரத்துப் பக்கமிருந்து அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தலைவர் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார். பெரியம்மா ஒரு சொம்பு கூழோடு தயாராகத்தான் வந்திருந்தாள். அவள் கையால் நான் ஒரு மடக்கு வாங்கிக் குடித்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தது, நாளைக் காலை படகு. பெரியம்மா சொம்பை நீட்டிக்கொண்டு வந்தாள். நீட்டிய விதத்தில், குடிக்கிறாயா பார்க்கிறேன் என்பது தெளிவாக இருந்தது.

நான் தலைவரைப் பார்த்துப் பேசினேன். என் குரல் நடுங்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், கொஞ்சம் நடுங்கியது.

"எனக்கு சக்கரை பார்டர்ல கீதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தலைவரே. கூழு, சோறு ரெண்டும் நா துன்றது இல்ல. விரதமும் இல்ல, யார் மேலயும் கோவமும் இல்ல. எங்க நைனாவ போட்ல ஏத்திக்க சொல்லுங்க."

வேப்பமரத்துப் பக்கம் ஒரு சலசலப்பு. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேலே பேசியிருக்கமாட்டேன்.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இந்த வயசுலயா? எங்க வகையறாவுலயே யாருக்கும் அது கெடையாது. அவங்க அம்மா வழில வந்து கீது."

அவளுடைய சர்க்கரை மாத்திரை அட்டையை நான் இந்தக் கையால் வாங்கி, இந்த வாயால் படித்துச் சொல்லியிருக்கிறேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, "யாருக்கும் சொல்லாத பாப்பா" என்று என் மோவாயைப் பிடித்துக் கெஞ்சினவள். நான் அவளை நேராகப் பார்த்தேன். என் பார்வையில் எல்லாம் இருந்திருக்க வேண்டும், அவள் சொம்புக்குள் குனிந்துகொண்டாள். ஒரு வாக்கியம் போதும், அங்கே அவள் மானம் போயிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். நல்ல மனசால் இல்லை. அவளைப் போல ஆக எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

தலைவர் இன்னும் விடவில்லை. "ஒரு மடக்கு குடிச்சா இன்னா, செத்தா பூடுவ?"

"எங்க அம்மாக்கு ரெண்டு வெரலும் ஒரே மடக்குல போவல. மடக்கு மடக்கா தான் போச்சு."

யாரோ ஒரு ஆள் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பெரியப்பா எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பெரியம்மாவின் கையிலிருந்து சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கினார். என்னைத் தாண்டிப் போய் நைனாவின் முன்னால் நீட்டினார்.

"பக இருந்தா எனக்கும் ஒனக்கும். நீ குடி. ஏரில தண்ணி வத்துது, இதுக்கு ஒரு பொழுது வோணுமா?"

நைனா சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். எடுத்த வாயை வைக்காமல் முழுவதையும் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு காலிச் சொம்பை அண்ணனிடம் கொடுத்தார். தலைவர் ஏதோ முனகிவிட்டு எழுந்தார். அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. இத்தனை சுலபமாகத் தீர்வதை ஒரு வாரம் ஏன் இழுத்தார்கள் என்று யோசித்தேன். பகை இருக்கிறதா என்று பார்க்க ஊர் கூடவில்லை. நான் குனிகிறேனா என்று பார்க்கத்தான் கூடியது.

மறுநாள் நைனா படகில் போனார். லைட்ஹவுஸ் குப்பத்து வரன் பேச்சு நின்றுபோனது. நின்றுவிட்டது என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை, அந்தப் பக்கமிருந்து வருகிற ஆட்கள் எங்கள் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்குத் தெருவில் பெயர் மாறியது. ஏசியில் உட்கார்பவள் போய், சக்கரைக்காரி வந்தாள். தண்ணீர் லாரியில் குடம் வைக்கும்போது, "சக்கரைக்காரி கொடத்த தள்ளு, தண்ணி இனிச்சிட போவுது" என்று ஒருத்தி சொன்னாள். நல்ல கிண்டல்தான், வேறு யாரைப் பற்றியாவது இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பெரியம்மா மட்டும் ஒரு மத்தியானம் பின்பக்கமாக வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, நீ என்னதான் சாப்பிடுகிறாய், எனக்கும் சொல்லு, மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டாள். மாத்திரையை என்னைக் கேட்டு விடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்றேன். சாப்பாட்டைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன், ஆனால் வாசல் பக்கமாக வந்து கேளுங்கள் என்றேன். "ரொம்ப தான் பாப்பா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வேலியைத் தாண்டிப் போனாள். இதுவரை வாசல் பக்கம் வரவில்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்குத் தட்டு வைப்பதையும் நிறுத்தினாள். நைனாவுக்கும் தனக்கும் ஆக்குவாள், நான் என் மீனை நானே ஆய்ந்து, நானே பொரித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பேன். அப்படியும் நாட்கள் போயின. தலைவலி நின்றுவிட்டது. கண் இருட்டுவது நின்றுவிட்டது. பையில் கருவாடு தேவைப்படவில்லை. சொன்ன காலம் முடிந்து பொன்னேரியில் ரத்தம் கொடுத்தேன். இறங்கியிருக்கிறது, இப்படியே போ என்றார் டாக்டர். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து, "எறங்கிடுச்சாம்" என்று மட்டும் சொன்னேன். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஆரம்பித்தது.

அன்று நான் மீன் வாங்கி வரவில்லை. முட்டை உடைக்கலாம் என்று எழுந்தேன். அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் டங்கென்று வைத்தாள். முழு மடவை ஒன்று, வயிற்றுக் கொழுப்போடு, தோல் முறுகப் பொரித்தது. பக்கத்தில் கீரை. சோறு இல்லை.

"துன்னு. நாளைக்கி மீன் இல்லனா என்ன கேக்காத."

அவளும் எதிரில் உட்கார்ந்தாள். அவள் தட்டில் அதே மலை. அதன் மேல் குழம்பை ஊற்றிக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட காலை என் கண்ணில் படக்கூடாதென்று சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். என் மடவையில் பாதியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு, கேட்காமலேயே, அந்தச் சோற்று மலையின் ஒரு பக்கத்தை அள்ளிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, சோற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.